சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் 90 நாள்: தாளில் என்ன எழுதலாம்?

மூன்றாவது நாற்காலி கேட்டது:

எங்கள் பகுதிக் குழுவில் ஒற்றைத் தாள் ஒன்று அச்சடிக்கப் போகிறோம். போதை மீட்பு மையத்திலோ அரசு மருத்துவமனை வார்டிலோ மூன்று நான்கு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர் கையில் கொடுப்பதற்கு. 'மன உறுதியோடு இருங்கள்', 'பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்' மாதிரி வரி ஒன்றுகூட வரக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு யாரும் மதுக்கடையைத் தாண்டிப் போனதில்லை.

கேட்பது இவ்வளவுதான். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை என்ன செய்வது? வாரக்கூலிக்காரர் சனிக்கிழமையை எப்படிக் கடப்பது? குடிநிறுத்த மாத்திரையான டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர் எதைத் தொடக்கூடாது? (அரிஷ்டம் பற்றி வாரம் ஒருவராவது கேட்கிறார்.) கல்யாணம், கிடாவெட்டு, துக்க வீடு? தூக்கம்? ஒருவேளை குடித்துவிட்டால் அடுத்த 24 மணி நேரம்?

சொந்தக் கதைகள் மீட்டிங்கிலேயே நிறையக் கிடைக்கின்றன. இங்கே அளவு, நேரம், மருந்தின் பெயர், எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பது போதும்.

---

ரசமட்டம் பதில்:

சார், ஆறு மணின்னு போட்டிருக்கீங்க. அதை அஞ்சுன்னு மாத்துங்க. கட்டட வேலை, பெயின்டிங், லோடு இறக்குறது எதுவா இருந்தாலும், கை கால் கழுவி சட்டை மாத்துற இடத்துலதான் 'ஒரு கட்டிங் போட்டுட்டுப் போலாமா'ங்கிற பேச்சு வரும். முடிவு அங்கேயே ஆயிடுது. கடை வாசல்ல நின்னு யோசிக்கிறவன் யாரும் கிடையாது.

அதனால அஞ்சு மணிக்கு முதல்ல வயித்துக்கு. மதியம் பன்னெண்டரைக்குச் சாப்பிட்ட ஆளுக்கு அந்த நேரத்துல நல்ல பசி இருக்கும். ஆனா பல வருசமா அந்தப் பசிக்குச் சரக்கை ஊத்தியே பழக்கிட்டதால, இது பசியா, குடிக்கணும்ங்கிற ஏக்கமான்னு அவருக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாது. ரெண்டு வாழைப்பழம், ஒரு பன், கடலை மிட்டாய், கூட ஒரு டீ. சுண்டல், ஆம்லெட், மிளகாப்பொடி தூவின மாங்கா இதெல்லாம் முதல் ரெண்டு மூணு மாசம் வேண்டாம். அது சைட் டிஷ்ஷா இருந்த பண்டம். நாக்குல பட்டதும் கூட இருந்ததைத் தேடும். சர்க்கரை இருக்கிறவங்க பழத்துக்குப் பதிலா முளைகட்டின பயறு கட்டி எடுத்துட்டுப் போகலாம்.

அடுத்தது பாதை. கடை பகல் 12-லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் திறந்திருக்கு. 'நேரத்தோட வீட்டுக்குப் போயிடு'ன்னு சொல்றது பாதி யோசனைதான். ஆறரைக்கு வீடு போய்ச் சேர்ந்தாலும் இன்னும் மூணரை மணி நேரம் கடை திறந்திருக்குமே. வழி மாத்துறதோட வழித்துணையையும் மாத்தணும். பழைய ஜோடி பைக்ல பின்னாடி உக்காந்து வந்தா எந்த ரோட்டுல வந்தாலும் ஒண்ணுதான். பஸ்ஸுன்னா கடைக்கு முந்தின ஸ்டாப்புல இறங்கி நடக்கிறதைவிட, தாண்டி அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி நடக்கிறது மேல். பஸ்ஸுக்குள்ள இருந்தபடியே கடையைக் கடந்துடலாம்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்ல குளியல். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு இருந்ததை ஏழுக்குக் கொண்டு வாங்க. வயிறு நிறைஞ்சிருந்தா ஏக்கம் பாதி குறையும். ஏழரைக்கு மேல கைக்கு வேலை வேணும். மீட்டிங் இருக்கிற நாள் மீட்டிங். இல்லாத நாளைக்கு என்னன்னு முந்தின நாளே எழுதி வைக்கணும். சும்மா டிவி முன்னாடி உக்கார வைக்காதீங்க, ஒவ்வொரு படத்துலயும் ஒரு பார் சீன் வருது.

ஏக்கம் வந்துட்டா: அது ஏறி, உச்சத்துல நின்னு, பெரும்பாலும் 20, 30 நிமிசத்துல தானா இறங்கும். ராத்திரி பூரா இப்படியே இருக்கும்ங்கிற பயத்துலதான் ஆளு எந்திரிச்சுப் போறார். போன்ல 30 நிமிச அலாரம் வைக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள ரெண்டு சொம்பு தண்ணி, ஒருத்தருக்கு போன், கடை இருக்கிற திசைக்கு எதிர்த்திசையில நடை. வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடக்கிறது உதவாது.

சனிக்கிழமை. சில மேஸ்திரிங்க 500 ரூவா நோட்டுக்குச் சில்லறை மாத்துறேன்னு கடைப் பக்கத்துலயே வச்சுக் கூலி பிரிப்பாங்க. அதுல நின்னா முடிஞ்சது. வெள்ளிக்கிழமையே மேஸ்திரிகிட்ட, 'அண்ணே, என் கூலியை வீட்டுக்காரி நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க'ன்னு சொல்லிடணும். சனிக்கிழமை சாயங்காலம் சொன்னா கேலி பண்ணுவாங்க. கையில பஸ்ஸுக்கும் டீக்கும் 100 ரூவா. இங்க எல்லாரும் மறக்குற ஒண்ணு, தன் போன்ல இருக்கிற ஜிபேயும் ரொக்கம்தான். அதுக்கு வேற ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வாரம் 300 மட்டும் போட்டு அதை இணைச்சு வைங்க.

உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்னு சொல்ற ஆளுக்கு நிஜமாவே வலி இருக்கும், அதை நடிப்புன்னு தள்ளாதீங்க. ஆனா மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

---

வெள்ளைச் சீருடை பதில்:

வலியிலிருந்தே தொடங்குகிறேன். பாராசிட்டமால் 500 மி.கி. கொடுக்கலாம். ஆனால் பல ஆண்டு குடித்த கல்லீரலுக்கு, டாக்டரைக் கேட்காமல் நாளுக்கு நான்கு மாத்திரைக்கு (2 கிராம்) மேல் போகக்கூடாது. டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்க வேண்டாம். குடியால் புண்ணாகியிருக்கும் இரைப்பையில் ரத்தக்கசிவு வரலாம்.

இனி மற்ற மருந்துகள். எல்லாவற்றையும் 'குடி மாத்திரை' என்று ஒரே பெயரில் சொல்வதால் நிறையக் குழப்பம். தாளில் தனித்தனியாகப் போடுங்கள்.

டைசல்ஃபிரம் பெரும்பாலும் 250 மி.கி., நாளுக்கு ஒன்று. இது ஏக்கத்தைக் குறைக்கும் மருந்து இல்லை. கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, பிறகு இன்னொரு என்சைம் அதை உடைக்கிறது. இந்த மாத்திரை அந்த இரண்டாவது என்சைமைக் கட்டிப்போடுகிறது. குடித்தால் நச்சு தேங்கி, சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆகாமல் இதைத் தொடங்கக்கூடாது. பல இடங்களில் 24 மணி நேரம் விடுவார்கள். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை இதன் வேலை மிச்சமிருக்கும். 'நேற்றே மாத்திரையை விட்டுவிட்டேன், இன்று குடிக்கலாம்' என்று போடும் கணக்குதான் ஆபத்தானது.

அரிஷ்டத்துக்கு வருவோம். தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம், அசோகாரிஷ்டம், மற்ற ஆசவங்கள் எல்லாம் நொதிக்க வைத்துச் செய்பவை. தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். பாட்டில் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். 30 மி.லி. குடித்தால் உள்ளே போவது 2, 3 மி.லி. ஆல்கஹால்தான், ஆனால் டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவருக்கு அதுவே போதும். பசி எடுக்கவில்லை என்று மாமியார் அன்பாக ஊற்றிக்கொடுப்பது இதுவாகத்தான் இருக்கும். ஹோமியோபதி தாய்த் திரவங்கள், சில இருமல் மருந்துகள், சில டானிக்குகள், சில வாய் கொப்பளிக்கும் திரவங்கள் ஆகியவற்றையும் லேபிள் பார்க்காமல் தொடக்கூடாது. சவரத்துக்குப் பின் தடவும் லோஷன், சானிடைசர் தோலில் பட்டே சிலருக்கு முகம் சிவக்கும். சோப்பும் தண்ணீரும் போதுமே. வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் எடுத்து நீட்டும் மெட்ரோனிடசோல் இதனோடு சேர்ந்தால் மனக்குழப்பம், பிதற்றல் வரை போகும். எந்த மெடிக்கலுக்குப் போனாலும் 'நான் டைசல்ஃபிரம் சாப்பிடுகிறேன்' என்பது முதல் வாக்கியமாக இருக்க வேண்டும்.

இதய நோய், மனச்சிதைவு, மோசமான கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. தொடங்கும் முன்பும் சில வாரம் கழித்தும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை வேண்டும். கண் மஞ்சள், சிறுநீர் கருமை, விடாத குமட்டல் வந்தால் அன்றே மருத்துவமனை. மாத்திரை போட்டால் தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்றால் அதை இரவுக்கு மாற்றலாம்.

நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. வேறு ரகம். குடிப்பதில் கிடைக்கும் அந்தச் சுகத்தை மழுங்கடித்து ஏக்கத்தைக் குறைக்கும். குடித்தால் டைசல்ஃபிரம் மாதிரித் தாக்காது. ட்ரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துகள் இதோடு வேலை செய்யாது என்பதால், அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அகாம்ப்ரோசேட்டும் ஏக்கத்தைக் குறைப்பதுதான்: 333 மி.கி. இரண்டிரண்டாக மூன்று வேளை, நாளுக்கு ஆறு மாத்திரை. இது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத்தான் தருவார்கள். மதிய வேளை மாத்திரைதான் எப்போதும் விடுபடும். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

தயமின் (பி1) 100 மி.கி. மாத்திரையைச் 'சத்து மாத்திரைதானே' என்று நிறுத்திவிடுவார்கள். தொடர் குடியால் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதன் குறைபாடு மூளையைத் தாக்கினால் தடுமாற்றம், பார்வைக் குழப்பம், மறதி வரும்; மறதி மீளாமலும் போகலாம்.

தூக்கம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சரியாக வராது. மூளை இத்தனை வருடம் ஆல்கஹாலின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கியே வைத்திருந்தது. அமுக்கம் போன பிறகும் முடுக்கம் உடனே இறங்காது. படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள். எழும் நேரத்தை மட்டும் ஐந்தரை என்று நிலையாக வையுங்கள். மாலை நான்குக்குப் பிறகு டீ, காபி இல்லை (ரசமட்டம் சொன்ன ஐந்து மணி டீக்குப் பதில் சுக்குத் தண்ணீர்). அல்ப்ரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையை நண்பரிடமிருந்து வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. குடி தொட்ட அதே இடத்தைத் தொடும் மருந்து அது. இரண்டே மாதத்தில் அது இல்லாமல் தூங்க முடியாமல் ஆகிவிடலாம்.

---

அடுப்படி பதில்:

அண்ணா, தாளுக்குப் பின்பக்கம் வீட்டில் இருப்பவர்களுக்கு விடுங்கள். முன்பக்கத்தை அவர் படிக்கிறாரோ இல்லையோ, அதைப் படிப்பது நாங்கள்தான்.

முதலில் சிவப்பு எழுத்தில் ஒன்று போடணும். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று சுவரிலும் போனிலும் விளம்பரம் வருகிறதே, அதை யாரும் செய்யக்கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. டைசல்ஃபிரமாக இருந்தால், மேலே சிஸ்டர் சொன்ன அத்தனையும், என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒரு ஆளுக்கு, ரோட்டில் வண்டி ஓட்டும்போது நடக்கும். தெரியவந்த பிறகு அந்த வீட்டில் அவர் ஒரு வாய் சோற்றை நம்பிச் சாப்பிட மாட்டார்.

மாத்திரையை எதிரில் வைத்துக் கொடுப்பது வேறு விஷயம். அதை இருவரும் டாக்டர் முன்னால் பேசி ஒத்துக்கொள்ளணும். தினமும் ஒரே நேரம், ஒரே டம்ளர். கொடுப்பவர் எதிரில் நிற்பதோடு சரி, வாயைத் திறந்து காட்டச் சொல்வது, முறைப்பது கூடாது. வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடாமல் மருத்துவமனைக்கு போன் செய்வது என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கணும். தூக்கக் கலக்கம் இல்லாதவருக்குக் காலையில் கொடுப்பதுதான் என் கட்சி. காலை ஏழுக்கு விழுங்கிவிட்டால் அன்றைக்குக் குடிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி ஏழு மணிக்கே தீர்ந்துவிடும்.

வாசலில் நின்று 'ஊது' என்று மோந்து பார்க்காதீர்கள். குடிக்காமல் வந்த நாளிலும் சந்தேகம்தான் கிடைக்கும் என்றால் குடித்தே வரலாமே என்ற கணக்கு ஓடும். சம்பளத்தை வாங்கி வைப்பதற்கும் முடிவுத் தேதி சொல்லுங்கள்: 90 நாள், அப்புறம் உட்கார்ந்து பேசி மாற்றுவது. தேதி இல்லாமல் ஒரு ஆண்பிள்ளை தினமும் பஸ்ஸுக்குக் கை நீட்டினால் அந்த அவமானமே ஒரு நாள் கடைக்குக் கூட்டிப் போகும். சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் சிகிச்சையில் குடும்பத்துக்கும் தனி வகுப்பு உண்டு. அந்த வசதி இல்லாத ஊரில் அல்-அனான் கூட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது குடும்பத்தினருக்கு மட்டும், கட்டணம் கிடையாது.

விசேஷ வீடுகள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷனுக்குப் போகாதீர்கள், முகூர்த்தத்துக்குப் போங்கள். ரிசப்ஷன் முடிந்து மண்டபத்துப் பின்னால்தான் எல்லாம் நடக்கும். காலை ஏழரை முகூர்த்தத்தில் டிபன் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினால் யாரும் குறை சொல்ல முடியாது, போட்டோவிலும் இருப்பீர்கள். கூல்டிரிங்ஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தால் திரும்ப எடுக்க வேண்டாம், புதிதாக வாங்குங்கள். விளையாட்டுக்குக் கலந்துவிடுகிற மச்சான்கள் எல்லாச் சொந்தத்திலும் உண்டு. கேட்டால் 'மாத்திரை சாப்பிடுறேன்' என்று சொல்லாதீர்கள். 'எப்போ முடியும்?' என்று அடுத்த கேள்வி வரும், தேதி குறித்துக்கொள்வார்கள். 'நிறுத்திட்டேன்' என்ற ஒரு வார்த்தை போதும்.

துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. மாலை போட்டு, எடுக்கும் வரை இருந்து, சுடுகாட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து தலை முழுகணும். 'குளிச்சிட்டு வரோம்' என்று ஆற்றங்கரைக்கோ பம்புசெட்டுக்கோ போகும் கூட்டத்தில் சேரக்கூடாது. கிடாவெட்டு மட்டும் முதல் வருடம் போகவே வேண்டாம். காலையில் பூசை முடிந்ததிலிருந்து மதியப் பந்தி வரை எல்லோரும் சும்மா காத்திருக்கும் நாலு மணி நேரம் அது. வீட்டிலிருந்து வேறு யாராவது போய் வரி கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

---

மூன்றாவது நாற்காலி:

அஞ்சு மணி, பின்பக்கம் இரண்டும் ஏற்கப்பட்டன. இன்னும் மூன்று கேள்விகள். பதநீர், பழைய சோறு இவையும் ஆல்கஹால்தானே என்று கேட்கிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு நிறுத்துவதைப் பற்றி எழுதலாமா, அல்லது சாமி விஷயம் என்று விட்டுவிடலாமா? மூன்றாவது, தினமும் எழுதுவதற்கு ஒரு நோட்டு கொடுக்க நினைக்கிறோம். 'இன்றைய நாள் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்றே எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை பதில்:

பழைய சோறு பிரச்சினை இல்லை. ஓர் இரவு ஊறிய சோற்றில் நடப்பது பெரும்பாலும் தயிரில் நடக்கும் புளிப்புதான். இரண்டு நாள் வைத்து நுரை கட்டியதை யாருமே சாப்பிட வேண்டியதில்லை. பதநீரில்தான் கவனம் வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு குறைந்திருந்தாலும் வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது, இனிப்பு மட்டும் இருப்பது என்றால் சரி. பகலில் ரோட்டோரம் விற்பதை விட்டுவிடுவது நல்லது. 'ஆல்கஹால் இல்லாத' பீர் என்று விற்பதில் 0.5 சதவீதம் வரை இருப்பதும் உண்டு. அளவைவிட, அந்தக் கசப்பும் பாட்டிலைப் பிடிக்கும் கையும் பழைய வேலையைச் செய்துவிடும்.

மாலையைப் பற்றிக் கண்டிப்பாக எழுதுங்கள். இரண்டு ஆபத்து இருக்கிறது. தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தி மாலை போட்டால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல், இல்லாதது கண்ணில் தெரிவது, கட்டுக்கடங்காத நடுக்கமும் வரலாம். அதை 'சாமி வந்திருக்கு' என்று சூடம் காட்டிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. மாலைக்கு முன் ஒரு வாரம் மருத்துவரிடம் போய், மாத்திரை உதவியோடு நிறுத்திவிட்டுப் போடட்டும். இரண்டாவது, 41 நாள் விரதம் என்றால் 42-ஆம் நாள் காலண்டரில் இருக்கிறது. ஏக்கம் ஒத்திப்போடப்படுகிறதே தவிர, அதை எப்படிக் கையாள்வது என்று அந்த 41 நாளில் யாரும் கற்றுக்கொள்வதில்லை. ஊரே மரியாதையாக 'சாமி' என்று கூப்பிட்டதால் யாரும் ஊற்றிக் கொடுக்கவும் இல்லை. மாலை கழற்றியதும் அந்தக் காவல் ஒரே நாளில் போய்விடும். மலையிலிருந்து இறங்கும் வண்டியில் யார் யார் வருகிறார்கள், கழற்றும் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருப்பார், இந்த இரண்டையும் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். கோயிலில் கயிறு கட்டி ஆறு மாதம், ஒரு வருடம் என்று சத்தியம் செய்கிறவர்களுக்கும் இதேதான்.

நோட்டு. 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள், கட்டம் போட்டுக் கொடுங்கள். ஏக்கம் வந்த நேரம். 0 முதல் 10 வரை எவ்வளவு. எங்கே, யாருடன். கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு. என்ன செய்தார். எத்தனை நிமிடத்தில் இறங்கியது. ஒரு தடவைக்கு ஒரு வரி. படிக்கத் தெரியாதவருக்கு மகளோ மகனோ எழுதலாம். 14 நாள் கழித்து 6-க்கு மேல் வந்த வரிகளை மட்டும் பென்சிலால் சுழியுங்கள். ஏதோ ஒரு கட்டம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கும். சாப்பிட்டு ஐந்து மணி நேரம் ஆனதாக இருக்கலாம், ஒரே ஆளின் போனாக இருக்கலாம், வட்டிக்காரர் வரும் செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம். அதற்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும். வாழ்க்கை முழுவதையும் ஒரே நேரத்தில் திருத்தப் போய்த்தான் மூன்றாம் வாரம் எல்லாம் சரிகிறது.

ராத்திரிக்கு மூன்று வரி தனி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பத்தாம் படி இதுதான், நாள் முடிவில் தன் கணக்கைத் தானே பார்ப்பது. இன்று யாரிடம் எரிந்து விழுந்தேன்? எதை மறைத்தேன்? நாளை காலை முதலில் யாரிடம் எதைச் சரி செய்ய வேண்டும்? பெயர் எழுத வேண்டும். 'எல்லோரிடமும்' என்று எழுதினால் கணக்கில் சேராது. பலர் இதை எழுத ஆரம்பித்ததும் நேராக ஒன்பதாம் படிக்குத் தாவி, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கக் கிளம்புவார்கள். வேண்டாம். அந்தச் சொல்லை வீட்டில் ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருப்பார்கள். இந்த 90 நாளில் கடன் பட்டியல் மட்டும் போடட்டும்: யாருக்கு, எவ்வளவு, வட்டி உண்டா, மாதம் எவ்வளவு முடியும். குடிக்கு நாள் 200 ரூபாய் போயிருந்தால் மாதம் 6,000. அதில் பாதியை மட்டும் கடனுக்குத் திருப்புங்கள். முழுதையும் கட்டினால் வீட்டில் குடி நின்றதற்கான அடையாளமே தெரியாது.

தாளில் இன்னொரு வரிக்கு இடம் இருந்தால்: குடிப்பது போலக் கனவு வரும், வாசனையோடு வரும், எழுந்ததும் குடித்துவிட்டோம் என்ற குற்ற உணர்வுகூட இருக்கும். பலருக்கும் வருவதுதான், மறுபடி குடிக்கப் போவதன் அறிகுறி அல்ல. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்தக் காலையே பயந்துபோய்க் கடைக்குப் போய்விடுவார்.

---

வெள்ளைச் சீருடை பதில்:

'குடித்துவிட்டால்' என்ற பகுதியை யாரும் எடுக்கவில்லை, கூச்சப்பட வேண்டாம். அதை எழுதினால் அனுமதி கொடுத்தது போல ஆகிவிடும் என்று பல குழுக்கள் விட்டுவிடுகின்றன.

டைசல்ஃபிரம் சாப்பிட்டவர் குடித்திருந்தால் வீட்டில் மோர் கொடுத்துப் பார்க்க வேண்டாம். 108, மாத்திரை அட்டையோடு. சாப்பிடாதவர் என்றால், பழைய அளவுதான் முதல் ஆபத்து. 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம், அதாவது சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். முன்பு இரண்டு குவார்ட்டர் தாங்கிய உடம்பு ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு அதைத் தாங்காது. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் 108.

மறுநாள் காலை, குளிப்பதற்கும் முன்னால், மருத்துவமனைக்கோ குழுவில் ஒருவருக்கோ போன். ஒரு தடவை சறுக்கியது வேறு, பழைய குடிக்குத் திரும்புவது வேறு. 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று இரண்டாம் நாள் தொடர்வதுதான் முதலாவதை இரண்டாவதாக ஆக்குகிறது. நான்கைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டார் என்றால் வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள், அதுவும் முன்பு வலிப்பு வந்தவர் என்றால் உள்நோயாளியாகச் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். எண்களைத் தாளில் பெரிதாகப் போடுங்கள்: போதை மீட்பு உதவிக்கு 14446, மன உளைச்சலுக்கு 14416. இரண்டும் இலவசம்.

ரத்தப் பரிசோதனையையும் சேர்க்கலாம். ஜிஜிடி என்ற கல்லீரல் எண் குடியை நிறுத்திய சில வாரங்களில் இறங்கும். சிவப்பணுக்களின் அளவைச் சொல்லும் எம்சிவி மூன்று நான்கு மாதம் எடுக்கும், ஏனென்றால் சிவப்பணுவின் ஆயுளே 120 நாள். வீட்டில் யாரும் நம்பாத நேரத்தில் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரு மாதத்தில் மறுபடி அளந்து பார்க்கட்டும், குடி நின்றதும் அழுத்தம் இறங்கி, பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடுவது உண்டு.

---

மூன்றாவது நாற்காலி:

நோட்டின் கட்டங்களைப் போட்டுவிட்டோம். ஏழு நாளுக்கும் மாலை ஐந்திலிருந்து பத்து வரை நேரம் அச்சடித்திருக்கிறோம். எதாவது விட்டுப்போயிருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள், அச்சகம் ஞாயிறு லீவு.

---

ரசமட்டம்:

அந்த ஞாயிறுதான் சார் விட்டுப்போச்சு. ஞாயிற்றுக்கிழமைக்கு அஞ்சு மணியிலேர்ந்து கட்டம் போட்டா பிரயோஜனம் இல்ல, காலையில பத்துலேர்ந்து போடுங்க. கறி எடுக்கன்னு கிளம்பி, கறிக்கடையில கூட்டம்னு அங்கேயே நின்னு, பன்னெண்டு மணிக்குக் கடை திறக்கிற நேரத்துக்குப் பையோட அங்க நிப்பாரு. கறி வீட்டுக்கு வர மூணு மணி ஆகும். காலை ஏழு மணிக்கே போய்க் கறி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, இல்லன்னா பையனை அனுப்பச் சொல்லுங்க. சமையல் பன்னெண்டுக்கு முடிஞ்சு இலை போட்டிருக்கணும்.